வோர்பரின் எடுப்பவருக்குச் சின்னக் காயம் வந்தால்: நிறுத்த வேண்டியது இரத்தத்தை, குளிசையை அல்ல

உங்கள் கேள்வி இதுதான். அப்பாவுக்கு 61 வயது, ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்கிறார். இதயத்தில் உலோக வால்வு வைத்த நாளிலிருந்து, இரத்தம் உறைவதைக் குறைக்கும் வோர்பரின் குளிசை எடுக்கிறார். மூன்று நாளைக்கு முன் வரம்பு கட்டும்போது மண்வெட்டி பட்டுக் கால் பெருவிரலில் தோல் கிழிந்தது. கோப்பித்தூள் வைத்துக் கட்டி, அவிழ்த்து அவிழ்த்துப் பார்த்தும் இரண்டு மணித்தியாலம் கசிந்தது. பயத்தில் அன்றிலிருந்து குளிசையை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். இனி இப்படி நடந்தால் என்ன செய்வது, எத்தனை நாள் குளிசையை நிறுத்த வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். வீட்டில் முடிவெடுத்து ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது. இப்போது மூன்று நாள் போய்விட்டதால், அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் இன்றைக்கே கிளினிக் கொப்பியுடன் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஐ.என்.ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) பார்த்து, அது எட்ட வேண்டிய அளவுக்கு வரும் வரை ஊசி மருந்து தேவையா என்று அங்கே முடிவு செய்வார்கள். இன்றைய குளிசையை வழமையான அளவில் வழமையான நேரத்தில் கொடுங்கள். தவறிய மூன்று நாளுக்கும் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. வோர்பரினின் வேலை அன்றன்றே முடிகிற வேலை அல்ல. இன்று நிறுத்தினால் இரத்தம் பழைய உறையும் தன்மைக்குத் திரும்ப ஏறத்தாழ நான்கைந்து நாள் எடுக்கும். ஆகவே அன்று குளிசையை நிறுத்தியது அன்றைய கசிவுக்கு எந்த உதவியும் செய்யவில்லை. காயம் காய்ந்து முடிந்த இந்த நாட்களில்தான் அதன் விளைவு வருகிறது: வால்வுக்கு இருந்த காவல் குறைந்துகொண்டு போகிறது. உலோக வால்வில் இரத்தக் கட்டி பிடித்தால் வால்வு இறுகலாம், அல்லது கட்டி கழன்று மூளைக்குப் போய் பாரிசவாதம் வரலாம். விரலில் வரும் இரத்தம் கண்ணுக்குத் தெரிகிறது, வால்வில் பிடிக்கும் கட்டி தெரியாது. வழமையாகக் கேட்கும் வால்வின் ‘டிக் டிக்’ சத்தம் மந்தமானாலோ, மூச்சு வாங்கினாலோ, வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ அந்த நிமிடமே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

இரத்தம் எப்படி நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் கை தானாகச் சரியான வேலையைச் செய்யும். தோல் வெட்டுப்பட்டதும் முதலில் குருதிச் சிறுதட்டுக்கள் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி ஓட்டையை அடைக்கும். அதற்கு மேல் பைபிரின் என்ற நார் வலைபோலப் பின்னி அந்த அடைப்பை இறுக்கும். அஸ்பிரினும் குளோப்பிடோகிரெலும் முதல் வேலையைக் குழப்புகின்றன. அதனால் அவற்றை எடுப்பவருக்கு வெட்டுப்பட்ட உடனேயே வழமையைவிடக் கூட நேரம் ஓடும். வோர்பரின், றிவறொக்சபான், அபிக்சபான், டபிகற்றான் ஆகியவை இரண்டாவது வேலையைக் குழப்புகின்றன. அடைப்பு உருவாகிவிடும், ஆனால் உறுதி வராது. நின்றது போலத் தெரிந்து பிறகு மெல்லக் கசியத் தொடங்கும். உங்கள் அப்பாவுக்கு நடந்தது இதுதான். துணியை எடுத்துப் பார்த்த ஒவ்வொரு தடவையும், பாதி பின்னிய வலையைக் கையால் பிய்த்து விட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் வேலை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியது அழுத்துவதும் காத்திருப்பதும்தான். கேட்க எளிது, ஆனால் அநேகமானோர் தவறுவது இங்கேதான். முதலில் அவரைப் படுக்க வையுங்கள். காயம் காலில் என்றால் இரண்டு தலையணை வைத்துக் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்துங்கள். கையில் என்றால் கையைத் தூக்கிப் பிடிக்கட்டும். மண்ணோ சேறோ பட்டிருந்து இரத்தம் மெதுவாகத்தான் வருகிறது என்றால், குடிக்கக்கூடிய சுத்தமான தண்ணீரைக் காயத்தின் மேல் ஓடவிட்டுக் கழுவுங்கள். வேகமாக வருகிறது என்றால் கழுவுவதற்கு நிற்காமல் முதலில் அழுத்துங்கள். கோஸ் துணி, அது இல்லாவிட்டால் தோய்த்துக் காய்ந்த பருத்திச் சீலைத் துண்டு ஒன்றை நாலு ஐந்து மடிப்பாக மடித்துக் காயத்தின் மேல் நேராக வைத்து, விரல்களால் அல்லது உள்ளங்கையால் உறுதியாக அழுத்துங்கள். வெறும் பஞ்சை வைக்க வேண்டாம். அதன் இழை காயத்தில் ஒட்டி, எடுக்கும்போது அடைப்பையும் சேர்த்து இழுக்கும்.

இனி மணிக்கூட்டைப் பாருங்கள். 15 நிமிடம், நடுவில் ஒரு தடவையும் திறக்காமல். பதற்றத்தில் 3 நிமிடமே 15 ஆகத் தோன்றும் என்பதால் போனில் அலாரம் வையுங்கள். துணி நனைந்து மேலே வந்தால் அதை எடுக்காமல் அதற்கு மேலேயே இன்னொரு மடிப்பு வைத்து, முன்னையிலும் கூட அழுத்துங்கள். துணி மேல் துணியாகக் குவித்துக்கொண்டு அழுத்தத்தைத் தளர்த்துவதில் பலனில்லை; இரத்தத்தை நிறுத்துவது துணி அல்ல, அழுத்தம். 15 நிமிடம் முடிய மெதுவாகக் கையை எடுங்கள். அடித்துணி ஒட்டியிருந்தால் அப்படியே விடுங்கள். இன்னும் கசிந்தால் மேலும் 15 நிமிடம். மொத்தம் 30 நிமிடம் சரியாக அழுத்தியும் நிற்காவிட்டால் அது வீட்டு வைத்தியத்துக்கு உரிய காயம் அல்ல. அழுத்தியபடியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நின்ற பிறகு துணிக்கு மேலே பண்டேஜ் சுற்றுங்கள். இறுக்கம் சரியா என்று பார்க்க நகத்தை அமர்த்தி விடுங்கள்: வெளிறிய நகம் இரண்டு செக்கனுக்குள் சிவக்க வேண்டும். விரல் குளிர்ந்தாலோ விறைத்தாலோ தளர்த்திக் கட்டுங்கள். காயத்துக்கு மேலே கயிறோ றப்பர் நாடாவோ இறுக்கிக் கட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சின்னக் காயத்துக்கு அது வேண்டாம், கீழே உள்ள சதைக்கு இரத்தம் போகாமல் கெடும். முதல் 24 மணித்தியாலம் நனைக்கக்கூடாது, அந்தக் காலை ஊன்றி அதிகம் நடக்கக்கூடாது. தோல் மூடும் வரை வயல் சேற்றில் இறங்கவே வேண்டாம். இரவில் மறுபடி கசிந்தால் திகைக்காமல் அதே 15 நிமிடத்தைத் திரும்பச் செய்யுங்கள். கண்ணாடித் துண்டோ மரச் சிராயோ ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காமல், இரு பக்கமும் அழுத்தியபடி கொண்டுபோங்கள்.

கோப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, புகையிலை, சாம்பல், சிலந்திவலை: இவற்றில் எதையும் காயத்தில் வைக்காதீர்கள். சில வேளை நின்றதுபோல இருப்பதற்குக் காரணம் தூளோடு சேர்த்துக் கட்டிய அழுத்தம். தூள் தங்கி அழுகத் தொடங்கினால், அதைச் சுரண்டிக் கழுவும்போது திரும்ப இரத்தம் வரும். ஏர்ப்புவலி (ரெற்றனஸ்) கிருமி மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் இருப்பது. மண்வெட்டிக் காயத்துக்கு ஏர்ப்புத் தடுப்பூசி தேவையா என்று இன்று போகும்போதே கேளுங்கள். ஊசி போட முன் ‘வோர்பரின் எடுக்கிறவர்’ என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். சதைக்குள் போடும் ஊசியால் உள்ளே இரத்தம் தேங்கலாம். தெரிந்தால் மெல்லிய ஊசியால் மேற்கையில் போட்டு, சில நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள். நோவுக்கென்று இடுப்பில் போடும் டைக்குளோபினாக் ஊசியை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது இரண்டு விதத்தில் தீங்கு: ஊசி போட்ட இடமும் கெடும், மருந்தும் வயிற்றைப் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கும்.

குளத்திலும் வாய்க்காலிலும் இறங்குபவர்களுக்கு அட்டைக் கடி புதிதல்ல. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அட்டை தன் உமிழ்நீரோடு ஹிருடின் என்ற பொருளைக் காயத்தில் விடுகிறது. அது இரத்தம் உறைவதை நேரடியாகத் தடுக்கும். சாதாரண ஆளுக்கே அட்டை விழுந்த இடம் மணிக்கணக்கில் கசியும், வோர்பரின் எடுப்பவருக்கு இரண்டு தடுப்பும் ஒன்றாகச் சேர்கின்றன. அட்டையைத் தீயால் சுடுவதும், உப்பு சுண்ணாம்பு போடுவதும் தவறு, அது குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். ஒடுங்கிய வாய்ப்பக்கத்தில் நகத்தைச் செருகித் தோலோடு தள்ளிக் கழற்றுங்கள், பிறகு மற்ற நுனியை. உடனே சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கடித்த இடத்தை நன்றாகக் கழுவி, 20 நிமிடம் அழுத்தி, இறுக்கமான பண்டேஜ் போடுங்கள். துணியில் சிறிய வட்டமாக ஊறுவது அட்டைக் கடியில் எதிர்பார்க்கக்கூடியது. சொட்டுச் சொட்டாக வழிந்தால் மற்றக் காயங்களுக்குச் சொன்ன 30 நிமிடக் கணக்கு இதற்கும் உண்டு.

மூக்கில் இரத்தம் வருவது சோளகம் வீசும் வறண்ட மாதங்களில் கூடும், மூக்கின் உட்தோல் காய்ந்து வெடிப்பதால். தலையை அண்ணாந்து பிடிக்கவோ படுக்கவோ விட வேண்டாம், இரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தி வரும், எவ்வளவு போனது என்றும் தெரியாது. நிமிர்ந்து உட்கார்ந்து முன்னால் குனியட்டும். மூக்கெலும்புக்குக் கீழே உள்ள மென்மையான பகுதி முழுவதையும் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நெரித்துப் பிடிக்க வேண்டும். எலும்பைப் பிடித்தால் பலன் இல்லை, பலர் அங்கேதான் பிடிக்கிறார்கள். வாயால் மூச்சு விட்டு, வாய்க்குள் வருவதைத் துப்பியபடி, விடாமல் 15 நிமிடம். நின்ற பிறகு ஒரு நாள் முழுக்க மூக்கைச் சீறக்கூடாது, கிண்டக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. வறண்ட நாட்களில் இரவு படுக்க முன் மூக்கின் உள்விளிம்பில் வாசலீன் கொஞ்சம் தடவலாம். 15 நிமிடம் பிடித்தும் நிற்காவிட்டால் பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். தொண்டைப் பக்கமாகத் தொடர்ந்து வழிந்தால் அந்த 15 நிமிடமும் பார்க்க வேண்டாம்.

முரசில் இரத்தம் என்றால் மென்மையான பிரஷ் வாங்குங்கள், ஆனால் பல் தீட்டுவதை நிறுத்தாதீர்கள். ஊத்தை சேர்ந்தால் முரசு வீங்கி இன்னும் கசியும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு போடும் பெரியவர்களுக்கு இது இரட்டிப்புத் தொந்தரவு. பல் பிடுங்க வேண்டி வந்தால் வோர்பரினைத் தாங்களாக நிறுத்திக்கொண்டு போகக்கூடாது. பல்வைத்தியருக்கு முன்கூட்டிச் சொன்னால், ஒன்றிரண்டு நாள் முன் ஐ.என்.ஆர் பார்த்து, அது 4க்குக் கீழே இருந்தால் அநேகமாகக் குளிசையோடேயே பிடுங்கித் தையல் போடுவார். பிறகு கோஸை மடித்துக் குழியில் வைத்து 20, 30 நிமிடம் கடித்துப் பிடிக்க வேண்டும். கோஸ் கைவசம் இல்லாவிட்டால் நனைத்துப் பிழிந்த தேயிலைப் பையும் உதவும்; தேயிலையில் உள்ள துவர்ப்பு இரத்தக் குழாயைச் சுருக்கும். அன்று முழுவதும் கொப்பளிப்பு, சுடு தேநீர், உறிஞ்சிக் குடித்தல் வேண்டாம். இரத்தக் கட்டி கரையாமல் காக்கும் திரனெக்சமிக் அமிலம் என்ற மருந்தை வாயில் வைத்துத் துப்பும்படி பல்வைத்தியர் தருவதுண்டு. அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை மட்டும் பாவியுங்கள். உலோக வால்வு உள்ளவர் அந்த மருந்தின் குளிசையைத் தாமாக வாங்கி விழுங்கக்கூடாது.

முகம் வழிக்கும்போது வரும் கீறலுக்குச் சீனக்காரக் கட்டி போதும். ஆனால் அது அவருடைய சொந்தக் கட்டியாக இருக்கட்டும், சலூனில் எல்லோருக்கும் தேய்ப்பது வேண்டாம்.

அடிபட்டு நீலம் பாரித்தால் முதல் இரண்டு நாளும் துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம் வீதம், ஒரு நாளில் சில தடவை. நோவெண்ணெய் போட்டு உருவிவிடும் வழக்கத்தை வோர்பரின் எடுப்பவருக்கு முற்றாக விட்டுவிடுங்கள். உருவினால் உள்ளே நின்றிருந்த கசிவு திரும்பத் தொடங்கும். இன்னொன்று: குளிர்ச்சியாக எரியும் பல தைலங்களில் மெதில் சலிசிலேற்று இருக்கிறது. அது தோலுக்குள்ளால் உறிஞ்சப்பட்டு வோர்பரினின் வேலையைக் கூட்டும். தொடையோ கெண்டைக்காலோ இறுகி வீங்கி நோ கூடிக்கொண்டே போனால் அது வெறும் கண்டல் அல்ல, தசைக்குள் இரத்தம் தேங்குகிறது.

செயற்கைக் கால் போடுபவர்கள் வன்னியில் நிறையப் பேர். அவர்களில் யாராவது இந்தக் குளிசைகளை எடுத்தால், வெட்டுப்பட்ட காலின் முனையை ஒவ்வொரு இரவும் கண்ணாடி பிடித்துப் பார்க்க வேண்டும். உராய்ந்து கசிந்தால் தோல் மூடும் வரை செயற்கைக் காலைக் கழற்றி வைத்து ஊன்றுகோலில் நடப்பதைத் தவிர வழியில்லை. கட்டுப் போட்டு அதற்கு மேலேயே காலை மாட்டினால் இடம் இன்னும் இறுகி, புண் ஆழப்படும்.

சின்னக் காயம் ஏன் இந்தத் தடவை மட்டும் இவ்வளவு நேரம் ஓடியது என்பதையும் கேட்க வேண்டும். வோர்பரின் எடுப்பவரில் நீண்ட கசிவு பல நேரம் ஐ.என்.ஆர் கூடிவிட்டதன் முதல் அறிகுறி. வழமையாக 2 முதல் 3 வரை வைத்திருப்பார்கள். சில உலோக வால்வுகளுக்கு 2.5 முதல் 3.5 வரை தேவைப்படும். உங்கள் அப்பாவின் இலக்கு கொப்பியில் எழுதியிருக்கும், இல்லாவிட்டால் எழுதித்தரக் கேளுங்கள். கூடுவதற்கான காரணங்களைக் கடந்த இரண்டு கிழமைக்குள் தேடுங்கள். புதிதாக ஏதாவது மருந்து எடுத்தாரா? வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் மெற்றோனிடசோல், கோற்றைமொக்சசோல், சிப்ரோபுளொக்சசின், பூஞ்சணத்துக்குக் கொடுக்கும் புளுகொனசோல் எல்லாம் ஐ.என்.ஆரை ஏற்றுபவை. காய்ச்சலில் சில நாள் சாப்பிடாமல் கிடந்தாரா? சாராயம் குடித்தாரா? முருங்கை இலை, வல்லாரை, பொன்னாங்காணியில் உள்ள விற்றமின் கே வோர்பரினுக்கு எதிராக வேலை செய்வது. அதற்காக இலைக்கறியை நிறுத்தச் சொல்வது சரியான அறிவுரை அல்ல. கிழமைக்கு எத்தனை தடவை சாப்பிடுகிறாரோ அதே அளவில் எப்போதும் சாப்பிடட்டும், அந்த அளவுக்கு ஏற்ப வைத்தியர் குளிசையை அமைப்பார். திடீரென்று நிறுத்தினால் ஐ.என்.ஆர் ஏறும், திடீரென்று ஒரு கிழமை தொடர்ந்து வறை சாப்பிட்டால் இறங்கும். றிவறொக்சபான் போன்ற புதிய குளிசைகளுக்கு இந்த உணவுக் கணக்கும் ஐ.என்.ஆர் கணக்கும் பொருந்தாது. ஆனால் அவற்றில் சில சிறுநீரகத்தால் பெருமளவு வெளியேறுபவை. சிறுநீரகப் பழுது உள்ளவரில் உடம்பில் தேங்கும். அதனால் அவர்களுக்குக் கசிவு நீடித்தால் சிறுநீரகப் பரிசோதனையும் செய்ய வேண்டும்.

நோவுக்கும் காய்ச்சலுக்கும் பரசிற்றமோல் மட்டும். அதையும் முழு அளவில் நாலைந்து நாள் தொடர்ந்து எடுத்தால் ஐ.என்.ஆர் ஏறும், கிளினிக்கில் சொல்லுங்கள். மாரி மழையோடு வரும் காய்ச்சலில் கூடுதல் கவனம் வேண்டும். டெங்கு சிறுதட்டுக்களைக் குறைக்கும். வயலில் பிடிக்கும் எலிக்காய்ச்சலும் இரத்தக் கசிவை உண்டாக்கும். இந்தக் குளிசை எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் மூன்றாம் நாள் வரை பார்ப்போம் என்று இருக்காமல் முதல் நாளே காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அப்போது குளிசையை நிறுத்துவதா தொடர்வதா என்பது வைத்தியர் எடுக்கும் முடிவு.

பாம்பு கடித்தால் எந்தப் பாம்பு என்றாலும் நேரே ஆஸ்பத்திரி. புடையன், சுருட்டை ஆகியவற்றின் விஷம் இரத்தம் உறைவதையே கெடுக்கும். அங்கே இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். வோர்பரின் எடுப்பவர் என்று தெரியாவிட்டால் அந்தச் சோதனையின் முடிவைச் சரியாகப் புரிந்துகொள்ள முடியாது. கூடப் போகிறவர் முதல் வாக்கியமாக இதைச் சொல்ல வேண்டும்.

சின்னது அல்லாதவற்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தலையில் அடிபட்டால், மோட்டார் சைக்கிளால் விழுந்தாலும் சரி, கிணற்றடியில் வழுக்கினாலும் சரி, வெளியே ஒரு துளி இரத்தம் இல்லாவிட்டாலும், ஆள் நன்றாகப் பேசினாலும் அன்றே ஆஸ்பத்திரி. மூளைக்குள் மெதுவாகக் கசிவது மணித்தியாலங்கள், சில வேளை நாட்கள் கழித்தே தெரியும். தார்போலக் கறுத்து நாறும் மலம் (இரும்புச்சத்துக் குளிசையும் மலத்தைக் கறுப்பாக்கும், ஆனால் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இராது), கோப்பிச் சக்கை போன்ற வாந்தி, சிவந்த சிறுநீர், பீறிட்டு வரும் இரத்தம், மணிக்கு ஒரு துணி நனையும் மாதவிடாய், காரணமில்லாமல் உடம்பில் பல இடத்தில் நீலம், திடீரென்று வந்த கடும் தலையிடி: இவற்றில் எதற்கும் 15 நிமிடம் பார்க்க வேண்டாம். 1990 சேவை 2018 முதல் வடக்கிலும் இலவசமாக இயங்குகிறது. உள்வீதி வீடு என்றால் ஒருவரைப் பிரதான வீதிக்கு அனுப்பி நிறுத்துங்கள், வாகனம் வழி தேடும் நேரம் மிஞ்சும்.

வீட்டில் ஒரு பிஸ்கட் ரின் போதும்: கோஸ் பக்கற்று 10, இரண்டு அங்குலப் பண்டேஜ் 3, ஒட்டும் பிளாஸ்டர், கையுறை இரண்டு சோடி, வாசலீன், பரசிற்றமோல். மூடியின் உட்பக்கத்தில் ஒரு கடதாசி ஒட்டி அப்பாவின் பெயர், ‘உலோக வால்வு, வோர்பரின்’ என்ற சொற்கள், தினசரி அளவு, இலக்கு ஐ.என்.ஆர், கடைசியாகப் பார்த்த ஐ.என்.ஆரும் திகதியும், கிளினிக் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். குளிசையின் அளவை மில்லிகிராமில் எழுதுங்கள், ‘ஒன்றரைக் குளிசை’ என்று எழுத வேண்டாம். 1, 3, 5 மில்லிகிராம் குளிசைகள் உண்டு, நிறத்தை நம்பினால் பிழை வரும். அதே கடதாசியின் பிரதி ஒன்று அவர் வயலுக்குப் போகும்போது பிளாஸ்ரிக் உறையில் சட்டைப் பையில் இருக்கட்டும். அங்கே விழுந்து கிடந்தால் தூக்கிக்கொண்டு ஓடி வருபவருக்கு அப்பா என்ன குளிசை எடுக்கிறார் என்று தெரிந்திருக்காது.